மேல அவன் இருக்கான்

அந்த மின்சார அலுவலகத்தின் பழைய ஆட்கள் கரண்டைக் கரண்ட் என்று சொன்னதே கிடையாது. 'அவன்' என்றுதான் சொல்வார்கள். "அவன் வந்துட்டான்." "அவன் போயிட்டான்." "கையை எடுடா, மேல அவன் இருக்கான்." யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. அவ்வளவு பெரிய சக்தியை 'அவர்' என்றாவது சொல்லக் கூடாதா என்று ஒருமுறை புதிதாக வந்த என்ஜினியர் கேட்டபோது, பயம் இருக்கிற இடத்தில் மரியாதை எதற்கு சார் என்று சிரித்துவிட்டார்கள். கம்பத்தில் ஏறிக் கம்பியில் கை வைக்கிறவர்களுக்கு மட்டுமே அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

அவர்களில் ஒரு லைன்மேனுக்கு டெஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார், அதனால் டெஸ்டர். உட்காருமுன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். பாலை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். "என்னை மட்டும்தான் இந்த மனுஷன் டெஸ்ட் பண்ணாம கட்டிக்கிட்டாரு. அதான் இப்ப அனுபவிக்கிறாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

ஆனால் கம்பத்தில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் சிரித்ததில்லை. முதலில் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேலே ஏறியதும், கரண்ட் இருந்தால் கத்தும் கருவியை முதலில் பக்கத்தில் போகிற வேறொரு லைனின் உயிருள்ள கம்பியில் காட்டுவார். கருவிக்கே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பிறகு வேலை செய்ய வேண்டிய கம்பியில். பிறகு மறுபடியும் பக்கத்துக் கம்பியில், நடுவில் கருவி செத்துப் போயிருந்தால்? அதற்கப்புறம் நீளமான கழியைக் கம்பியில் மாட்டி எர்த் பண்ணுவார், அதாவது மிச்சமீதி இருந்தால் மண்ணுக்குள் போய்ச் சேரட்டும் என்று. எல்லாம் முடிந்து, உறை போட்ட கையைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தாழ்ந்த குரலில் கேட்பார்:

"இருக்கியா?"

ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். அப்புறம்தான் கை வைப்பார். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சோதனைதான், கடைசிச் சோதனை.

டெஸ்டரின் அம்மா கடவுளை விடாத ஆள். கடவுளே அவளை விட்டிருந்தால்கூட அவள் விட்டிருக்கமாட்டாள். காலையும் மாலையும் அறை மூலையில் ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, இதைச் செய்து கொடு, நான் அதை விட்டுவிடுகிறேன், என் பிள்ளைக்கு இதைக் கொடு, நான் அதைச் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று பேசிக்கொண்டே போவாள். விலை பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் விடாப்பிடியான அன்போடு பேசுகிற விலை. சின்ன வயதில் அவரும் விரிப்பின் மறுபாதியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்தான். வேலை கிடைத்தபோது, "அவர் குடுத்த வேலைடா" என்றாள். "பரீட்சை எழுதினது நாம்மா" என்றார் இவர். அப்போதுகூட வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வேடிக்கை முடிந்துபோனது பக்தர் செத்த அன்றைக்கு. பக்தர் என்பது கூட வேலை செய்த ஒருவரின் பட்டப்பெயர். கும்பிடாமல் வாசல் தாண்டமாட்டார். தங்கமான மனிதர். அன்றைக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். சுவிட்சை இறக்கியாயிற்று, அப்புறம் என்ன என்று சோதிக்காமல் ஏறிக் கை வைத்துவிட்டார். ஏதோ ஒரு கடையில் ஜெனரேட்டரைப் போட்டிருந்தார்கள். கரண்ட் பின்பக்கமாக ஏறி அதே கம்பிக்கு வந்திருந்தது. அடுத்த கம்பத்தில் இருந்த டெஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை அவர் காப்பாத்திட்டாரு" என்று அழுதாள்.

"அப்ப பக்தரை?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவர் சண்டை போடவில்லை. கத்தவில்லை. மறுநாள் காலையில் விரிப்பின் மறுபாதியில் உட்காரவில்லை, அவ்வளவுதான். சோதித்தவன் வீடு திரும்புகிறான், சோதிக்காதவன் திரும்புவதில்லை. இதற்கு நடுவில் வேறு யாருக்கும் வேலையில்லை என்பது அவருடைய முடிவு. அம்மா அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தாள். கடைசிவரை விரிப்பின் ஓரமாகவேதான் உட்கார்ந்தாள். மறுபாதியில் ஒரு துணியைக்கூட வைக்கவிடவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்குக் கடவுள் உண்டு என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன், அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் தீர்மானித்தார். மனைவி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல அவசரமாய் ஒரு கும்பிடு போடுகிற ரகம், அதனால் அவளுக்கும் ஆட்சேபணை இல்லை. இப்படி எந்தப் பக்கமும் சாயாமல் பிள்ளை வளர்க்கிறோம் என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அவர் அலுவலகத்துப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

குழந்தை பிளக்கின் ஓட்டையில் விரலை விடப் போனால், "தொடாதே பாப்பா, உள்ள அவன் இருக்கான்" என்பார். மொட்டை மாடியில் கம்பியைக் காட்டி, "மேல அவன் இருக்கான்" என்பார். கரண்ட் போய் வீடு இருண்டால் குழந்தை கேட்கும்.

"அவன் எங்கப்பா போயிட்டான்?"

"எங்கயும் போகமாட்டான். வந்துடுவான்."

"நம்மளைப் பாக்குறானா?"

"கிட்ட போனா பாத்துடுவான்."

"கண்ணுக்குத் தெரிவானா?"

"அவனை யாரும் பார்த்ததில்லை பாப்பா. அவன் செய்யறதைத்தான் பாக்க முடியும்."

ஒரு பொய் உண்டா இதில்? எல்லாம் கரண்டைப் பற்றிய சுத்தமான உண்மை. அவர்கள் குடியிருந்த ஊழியர் குடியிருப்பின் மாடி ஜன்னலுக்கு நேரெதிரே, பேச்சுக் கேட்கிற தூரத்தில், டிரான்ஸ்ஃபார்மர் கம்பம். அப்பா கம்பத்தில் ஏறுவதைக் குழந்தை ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும். உச்சிக்குப் போய், என்னென்னவோ செய்து, கையை உயர்த்தி, வானத்தைப் பார்த்து, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிற அப்பா. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க விளக்கு எரியும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்ன நினைக்கும்? நீங்களும் நானும் என்ன நினைத்திருப்போம்?

பெண் வளர்ந்தாள். ஊர் கூடிக் கும்பிடுகிற இடங்களுக்கு அவள் அதிகம் போகமாட்டாள். காலையில் ஜன்னலோரம் நிற்பாள், உதட்டில் ஏதோ ஒரு சொல், பிறகு அப்படியே காத்திருப்பாள். எதுவும் வேண்டிக்கொள்கிற மாதிரி இருக்காது. டெஸ்டர் பார்த்தும் பார்க்காதது போல் செய்தித்தாளைப் புரட்டுவார். அம்மாவின் ரத்தம் தன்னைத் தாண்டிக் குதித்துப் பேத்திக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் வருத்தம், வெளியே சொல்லாத கொஞ்சம் சந்தோஷம்.

பிறகு அவளும் பரீட்சை எழுதி அதே வேலைக்கே வந்தாள். வீட்டில் ஒரு பிரளயம் நடந்தது. மனைவி இரண்டு வேளை சமைக்கவில்லை. டெஸ்டர் வாய் திறக்காமல் பெண்ணைப் பயிற்சிக் கம்பத்தில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அவள் கால் நடுங்குகிறதா என்று பார்த்தார். நடுங்கவில்லை. அவர் ஓய்வு பெற்றார். பழைய ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களோடு 'அவன்' என்ற பேச்சும் போய்விட்டது. புதிய பிள்ளைகள் 'சப்ளை இருக்கு, சப்ளை இல்லை' என்கிறார்கள். "வேலையெல்லாம் எப்படிப் பண்றே?" என்று அவர் பெண்ணைக் கேட்டால், "நீங்க செஞ்ச மாதிரியேதாம்பா" என்பாள். அந்தப் பதிலை மட்டும் அவர் ஆட்டிப் பார்க்கவில்லை, இழுத்துப் பார்க்கவில்லை. பெருமையில் அப்படியே விழுங்கிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு எங்கெங்கோ போய் வேலைக்கு வந்தது.

"கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணுவே பாப்பா?"

"நீங்க பண்றதுதான். கேப்பேன்."

"என்னன்னு?"

"இருக்கியான்னு."

டெஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. "கேட்டுட்டு?"

"கொஞ்சம் நிப்பேன். அவன் இருக்கான்னு மனசுக்குத் தெரிஞ்சதும் கை வைப்பேன்."

"இல்லைன்னு தெரிஞ்சதும்னு சொல்லு."

"இல்லைன்னா எப்படிப்பா கை வைக்கிறது? பயமா இருக்காதா?"

டெஸ்டரின் கை தட்டிலேயே நின்றது. "பாப்பா, அவன் இருக்கும்போது கை வச்சா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"ஒண்ணும் ஆகாது. அவன் இருக்கறப்ப என்னப்பா ஆகப்போகுது?" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் யாரைப் பத்திப் பேசறீங்க?"

"கடவுளைப் பத்திதாம்மா. அப்பாதானே சொல்லிக் குடுத்தாரு, மேல அவன் இருக்கான்னு."

டெஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. சந்தைத் தெருவில் மரக்கிளை முறிந்து லைன்மேல் விழுந்துவிட்டதாம். வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு, "வந்து பேசலாம்பா" என்று ஓடிவிட்டாள். டெஸ்டர் கையைக்கூடக் கழுவவில்லை. கிடைத்த துணியில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். "ஏங்க, சாப்பாடு?" என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

வழியெல்லாம் அவருக்குள் ஒரே ஓட்டம். பெண்ணின் நம்பிக்கைக்கு விதை தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வேலைப் பேச்சு. அது முளைத்து இத்தனை பெரிதாய் நின்றுவிட்டது, தனக்குத் தெரியவே இல்லை. பக்தரும் இப்படித்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று கை வைத்தார்? உண்மையைச் சொன்னால் அவளுடைய கடவுள் போய்விடுவார். சொல்லாவிட்டால் அவளே போய்விடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். முடிவு செய்த பிறகும் நெஞ்சு என்னவோ ஆறவில்லை.

சந்தைத் தெருவில் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது பெண் பாதிக் கம்பம் ஏறிவிட்டிருந்தாள். 'பாப்பா, நில்லு' என்று கத்த வாயெடுத்தார். கத்த முடியவில்லை. கம்பத்தில் இருக்கிற ஆளைக் கீழே இருந்து கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் அதைச் சட்டமாக்கியவரே அவர்தான். ஆகையால் டெஸ்டர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, அண்ணாந்து நின்றார்.

"என்ன டெஸ்டர் சார், ரிட்டயர் ஆனதை மறந்துட்டீங்களா?" என்று பக்கத்தில் வந்தான் சுருட்டை, பெண்ணோடு வேலை செய்கிறவன்.

"சுவிட்ச் பூட்டியாச்சா?"

"பூட்டி, சாவி அக்கா பையில. தெருவுல இருக்கிற ஜெனரேட்டர் ஒவ்வொண்ணையும் போய்ப் பாத்துட்டுதான் ஏறுனாங்க. கடைக்காரனெல்லாம் திட்டறான்."

மேலே கருவியைப் பக்கத்துக் கம்பியில் காட்டினாள். அது வீரிட்டுக் கத்தியது. வேலை செய்ய வேண்டிய கம்பியில் காட்டினாள். சத்தமில்லை. மறுபடியும் பக்கத்துக் கம்பியில். கத்தியது. கழியை மாட்டினாள். எர்த் பண்ணினாள். மாட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவர் இழுப்பது போலவே, அதே வேகத்தோடு. ஒன்றையும் விடவில்லை. டெஸ்டருக்குப் போன உயிர் மெல்லத் திரும்பி வந்தது.

இனி அவள் தாராளமாகக் கை வைக்கலாம். செத்த கம்பி அது. பச்சைக் குழந்தைகூடத் தொடலாம். ஆனால் அவள் வைக்கவில்லை. கையை உயர்த்திக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். உதடு அசைந்தது. அப்படியே நின்றாள்.

"அக்கா எப்பவும் இப்படித்தான் ஒரு நிமிஷம் நிப்பாங்க சார்" என்றான் சுருட்டை தணிந்த குரலில். "நாங்களும் பேசமாட்டோம்."

கரண்ட் இல்லாததால் சந்தையில் எந்த மிஷினும் ஓடவில்லை. காற்றும் ஓய்ந்திருந்தது. கீழே அத்தனை பேர் நின்றும் சத்தமில்லை. அந்த அமைதிக்கு மேலே, இடுப்பில் பெல்ட்டோடு, தன் பெண் காத்துக்கொண்டு நிற்பதை டெஸ்டர் பார்த்தார். அவருடைய அம்மா கேட்டபோதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கேட்டாள். இவள் எதையும் கேட்கவில்லை. பாதுகாப்பைக்கூடக் கேட்கவில்லை, அதைத்தான் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டாளே. பயம் முழுக்கத் தீர்ந்த பிறகு, ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லாத நேரத்தில், நீ இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்கிறாள். கும்பிடுவது இப்படியும் இருக்குமா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. தனக்குப் பிறந்தது ஒன்று தன்னைவிட எத்தனையோ பெரியதாய் நிற்பதைப் பார்த்தால் வருகிற மலைப்பு அது. அப்புறம் அவள் கை வைத்தாள். வேலை சீராக நடந்தது.

இறங்கி வந்தவள் அப்பாவைப் பார்த்ததும் திகைத்துவிட்டாள். "என்னப்பா, இங்க வந்து நிக்கறீங்க? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. இத்தனை ஒழுங்காக வேலை செய்கிறவளிடம் இனி எதற்கு? ஆனால் உயிருள்ள கம்பியைச் செத்தது என்று சொல்வதும், செத்ததை உயிருள்ளது என்று சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். அடுத்தவரை நம்பவைத்துவிட்டு நழுவிப்போக அவரால் முடியாது. ஜீப்பின் மறுபக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பாப்பா, நாங்கல்லாம் அவன் அவன்னு சொன்னது கரண்டை. எங்க ஆளுங்க பேச்சு அது. மேல அவன் இருக்கான்னா மேல கரண்ட் இருக்குன்னு அர்த்தம். நான் இருக்கியான்னு கேட்டதும் கரண்டைத்தான். வேற யாரையும் இல்ல. நீ சின்னப் பிள்ளை, வேற மாதிரி எடுத்துக்கிட்டே. தப்பு எம்மேலதான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "கரண்டையா? பிளக்குக்குள்ள இருந்தது கரண்டா? நான் ராத்திரி பிளக்குக்கு குட்நைட் சொல்லிட்டுத் தூங்குவேம்பா." சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டெஸ்டருக்குச் சிரிக்க வரவில்லை. எது இடிந்து விழப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ யோசித்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான் ஜன்னல்ல உக்காந்து தினமும் பாத்திருக்கேன். எல்லா டெஸ்டும் முடிச்சு, எர்த் பண்ணினதுக்கு அப்புறம்தான் நீங்க கேப்பீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் கம்பியில கரண்ட் இருக்கவே முடியாதே."

"முடியாது."

"இல்லாத கரண்டை எதுக்குப்பா இருக்கியான்னு கேட்டீங்க?"

பழக்கம் என்று சொல்லப் போனார். அது பழக்கம்தானா என்று அவர் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. கடைசிச் சோதனை என்று சொல்லலாமா? எர்த் பண்ணிய கம்பியிடம் என்ன சோதனை? ஒவ்வொரு தடவையும் கேட்டார். மழையிலும் வெயிலிலும், எத்தனையோ கம்பங்களின் உச்சியில், கீழே இருக்கிற ஒருவருக்கும் கேட்காத குரலில் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நெஞ்சு எப்படி நிறைந்துபோய் நிற்கும் என்பது இப்போதுதான் புதிதாய் நடப்பது போல் ஞாபகம் வந்தது.

"தெரியலையேம்மா" என்றார். ஒரு லைனைப் பற்றிக் கேட்டு அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் ஜெயித்தவள் போல் பார்க்கவில்லை. அவர் சட்டையில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பருக்கையைத் தட்டிவிட்டாள்.

"பதில் வந்துதாப்பா?"

டெஸ்டர் கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். அவருக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"கை வச்சேனேம்மா" என்றார். "ஒவ்வொரு தடவையும் வச்சேனே."

அவள் அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு, தெருவுக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.